நிலக்கரிக்கு மேலே குடியிருப்பவர்கள்

தெமட்டகொடையில் வளரும் பிள்ளைகளுக்கு எஞ்சின் ஷெட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோச்சி மருதானையை விட்டுப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், தண்டவாளங்கள் பல கிளைகளாகப் பிரியும் இடத்தில், டீசல் எஞ்சின்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கரிக்கோச்சி எஞ்சின்கள் சிலவற்றையும் அங்கேதான் பேணி வைத்திருக்கிறார்கள். 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு இலங்கையின் முதல் கோச்சி ஓடியது. அன்று தொடங்கி, 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து சேரும்வரை, நமது புகையிரதங்களை இழுத்தது பெரும்பாலும் நிலக்கரிதான். அந்தக் கரி கப்பலில் வந்தது. இலங்கை மண்ணில் தோண்டி எடுத்த கரி அதில் ஒரு கூடைகூட இல்லை.

ஏன் இல்லை? நிலக்கரி ஒரு காலத்தில் காடாக இருந்தது. 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் சதுப்பு நிலங்களில் வளர்ந்த மரங்களும் செடிகளும் நீருக்குள் சாய்ந்தன. காற்றுப் படாததால் முழுதாக உக்கிப் போகாமல் அடுக்கடுக்காகக் குவிந்தன. மேலே படிந்த மணலும் சேறும் அழுத்த, பூமியின் உள்வெப்பமும் சேர்ந்துகொள்ள, அவை மெல்ல மெல்லக் கறுத்த கல்லாக மாறின. இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பெரிய நிலக்கரிப் படுகைகள் இப்படித்தான் உண்டாகின. அந்தக் காலத்தில் இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம், அந்தச் சதுப்புக் காடுகளைவிட மிகவும் பழைய பாறை. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. அதற்குள் நிலக்கரி தங்க வழியில்லை. நமக்கு வாய்த்தது காரீயம். பென்சில் கூரில் இருக்கிற அதே காரீயம், போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து இன்றும் மேலே வருகிறது.

நிலக்கரி இல்லாத நாடு என்றாலும், நிலக்கரி எரிக்காத நாடு அல்ல நாம். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது. 2011இல் முதல் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார்கள். இப்போது மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாற். மூன்றும் முழுதாக ஓடினால் ஓர் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இரசியா என்று பல நாடுகளிலிருந்து அது வருகிறது. பெரிய கப்பல்கள் கரைக்கு அருகே வரமுடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு, பாரப்படகுகளில் கரியை இறக்குவார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அந்த வேலை நடக்காது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே ஆண்டுக்குத் தேவையானதை இறக்கிக் குவித்துவிட வேண்டும்.

நீங்கள் இரவில் பாடம் படிக்கப் போடுகிற விளக்கில் அந்தக் கரியின் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி நமக்கும் உரியது என்று நினைக்கிறேன்: அந்தக் கரி எங்கோ ஒரு நிலத்துக்குக் கீழே கிடந்ததே, அந்த நிலத்துக்கு மேலே யார் குடியிருந்தார்கள்?

நிலக்கரி எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பூமிக்குள் குடைந்து செல்வது. மற்றது, மேலிருந்து திறந்தபடி தோண்டுவது. கரி மேலோட்டமாகக் கிடந்தால் இரண்டாவது வழிதான் மலிவு. மரத்தை வெட்டி, மேல்மண்ணை வழித்து, பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, அத்தனையையும் ஒரு பக்கம் மலையாகக் குவித்த பிறகுதான் கரி கண்ணுக்குத் தெரியும். புல், புற்று, வளை, கூடு, நீரூற்று எல்லாம் அந்த மேற்பகுதியில்தான் இருக்கின்றன. பொறியியலாளர்கள் அதை 'மேற்சுமை' என்பார்கள். அங்கே வாழும் உயிர்களுக்கு அதுதான் முழு உலகமும்.

இப்படி ஒரு சுரங்கத்தைத் திட்டமிடும்போது, அருகிவரும் உயிரினங்களைக் காப்பாற்ற முடியுமா? உலகம் கூர்ந்து கவனித்த ஒரு கதை அவுஸ்திரேலியாவில் நடந்தது.

குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியில் கலிலீப் படுகை என்றொரு பரந்த நிலம் உண்டு. அங்கே கார்மைக்கல் என்ற பெயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் தோண்ட இந்தியாவின் அதானி நிறுவனம் 2010இல் திட்டம் முன்வைத்தது. முதலில் சொன்ன அளவு ஆண்டுக்கு 6 கோடி தொன். அந்த நிலத்தின் மேலே, புல்வெளியும் யூக்கலிப்டஸ் மரங்களும் கலந்த காட்டில், ஒரு சின்னப் பறவை வாழ்ந்துகொண்டிருந்தது. கருந்தொண்டைச் சில்லை. நமது வயல்களில் நெற்கதிரில் தொங்கியபடி மணி கொத்தும் சில்லைக் குருவிகளைத் தெரியுமல்லவா? அதே குடும்பம். நீளம் 12 சென்றிமீற்றர் அளவுதான். சாம்பல் நிறத் தலை, கறுப்பு அலகு, தொண்டையிலிருந்து மார்புவரை கறுப்பு, உடல் கறுவாப்பட்டை நிறம். இதில் வடக்கே வாழும் துணையினத்துக்கு வால் தொடங்கும் இடத்தின் மேற்பக்கம் கறுப்பு. தெற்கே வாழும் துணையினத்துக்கு வெள்ளை. அருகிப்போனது தெற்குத் துணையினம். ஒரு காலத்தில் இது நியூ சவுத் வேல்ஸ் மாநிலம்வரை பரவியிருந்தது. 2016இல் அந்த மாநிலம் இந்தப் பறவை தன் எல்லைக்குள் அற்றுப் போய்விட்டதாகக் கருதி அறிவித்தது. எஞ்சியவற்றில், அறியப்பட்டவரை மிகப்பெரிய கூட்டம் இருந்த இடம் சுரங்கம் தோண்டக் குறித்த அதே நிலம்.

ஒரு பறவைக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே இந்தச் சில்லையின் ஓர் ஆண்டு வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். இதன் உணவு பெரும்பாலும் புல் விதை. நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கித் தின்னும். உலர்ந்த விதையைத் தின்பதால் தண்ணீர் கட்டாயம் வேண்டும். நீர்நிலைக்கு அருகிலேயே கூடு கட்டும். வறண்ட மாதங்களில் இதற்குப் பட்டினி வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் சோதனைக் காலம் மழை தொடங்கும்போதுதான் வருகிறது! முதல் மழை விழுந்ததும் நிலத்தில் கிடந்த விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்துவிடுகின்றன. முளைத்த விதை பறவைக்கு உணவாகாது. புதுப் புல் வளர்ந்து, பூத்து, விதை தரும்வரை சில வாரங்கள் வயிறு காயும். அந்த வாரங்களில் சீக்கிரமே விதைக்கும் புல் வகை ஏதாவது பக்கத்தில் இருந்தால்தான் பிழைக்கும். ஆகவே இதற்குத் தேவை வெறும் புல்வெளி அல்ல. வேறுவேறு காலங்களில் விதைக்கும் பலவகைப் புற்கள் கலந்து கிடக்கும் புல்வெளி.

மாடுகள் அதிகமாக மேய்ந்தால் அந்தக் கலவை கெட்டுவிடும். மேய்ச்சலுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்த புல் பரவினாலும் கெட்டுவிடும். தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் என்று சொல்கிற புல்தான் அங்கே அப்படிப் பரவியது. காங்கேயத்துப் பக்கம் மாடுகளுக்கு அருமையான தீனியாக இருக்கும் அதே புல், குயீன்ஸ்லாந்தில் உள்ளூர்ப் புற்களை அமுக்கி மூடிவிடுகிறது. இந்தச் சில்லைக்குச் சுரங்கம் வருவதற்கு முன்னரே பல துன்பங்கள் இருந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏற்கெனவே நலிந்த உயிருக்குப் புதிய துன்பம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாரமானது.

சரி, ஒரு நிலத்தில் எத்தனை சில்லைகள் இருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? வறண்ட காலத்தில், விடிகாலையில், நீர்நிலைக்கு அருகே அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் குடிக்க வரும்போது எண்ணுவார்கள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பென்சிலை எடுங்கள்.

ஓர் இடத்தில் உண்மையிலேயே பறவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை போனால் அதைப் பார்க்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அப்படியானால் பார்க்கத் தவறும் வாய்ப்பு ஐந்தில் நான்கு, அதாவது 0.8. இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தவறவிடும் வாய்ப்பு 0.8ஐ 0.8ஆல் பெருக்கினால் வரும் 0.64. இப்படியே ஐந்து தடவைக்குப் பெருக்கிப் பாருங்கள். 0.33 அளவு வரும். ஐந்து தடவை போய்த் தேடியும், இருக்கிற பறவையை இல்லை என்று எழுதிவிடும் வாய்ப்பு மூன்றில் ஒன்று! பத்து தடவை போனால்தான் அது பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அரிதான உயிர் என்றால் பார்க்கும் வாய்ப்பு இன்னும் குறையும். போகவேண்டிய தடவை கூடும். 'நாங்கள் தேடினோம், காணவில்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எத்தனை தடவை தேடினார்கள், எந்த மாதத்தில் தேடினார்கள் என்பவை அந்தப் பதிலுக்குள்ளேயே அடங்கிய கேள்விகள்.

சில உயிர்களைத் தேடுவதற்கு வேறு தந்திரம் வேண்டும். கார்மைக்கல் நிலத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட இன்னும் இரண்டு உயிர்கள் உண்டு. ஒன்று யக்கா அரணை. கொழுத்த, 40 சென்றிமீற்றர்வரை வளரக்கூடிய அரணை. குடும்பமாக வளைகளில் வாழும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் வெளியே தலைகாட்டாது. ஆனால் ஒரு நல்ல பழக்கம் அதற்கு உண்டு. வளைக்கு அருகே எல்லா அரணைகளும் ஒரே இடத்தில்தான் எச்சம் போடும். அறிவியலாளர்கள் அரணையைத் தேடாமல் அந்த எச்சக் குவியலைத் தேடுவார்கள்! மற்றது ஒரு பாம்பு. வெடிப்பு விழும் களிமண் நிலத்தின் பிளவுகளுக்குள் வறண்ட மாதங்களைக் கழித்துவிட்டு, மழை பெய்து தவளைகள் வரும்போது தானும் வெளியே வந்து அவற்றைப் பிடித்துத் தின்னும் பாம்பு. வறண்ட காலத்தில் அங்கே போய்த் தேடுகிறவருக்கு அந்த நிலத்தில் பாம்பே இல்லை என்றுதான் தோன்றும்.

இந்த அரணையும் பாம்பும் ஒரு பெரிய வேலை செய்தன. 2014இல் அவுஸ்திரேலியச் சுற்றாடல் அமைச்சர் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். சுற்றாடல் குழு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. இந்த இரண்டு உயிரினங்களையும் பாதுகாப்பது பற்றித் துறைசார் அறிவியலாளர்கள் எழுதிய ஆலோசனையை அமைச்சர் முறைப்படி கவனத்தில் எடுக்கவில்லை என்பது தெரியவந்தது. 2015 ஆகஸ்டில் அந்த அனுமதி நீக்கப்பட்டது. இரண்டு மாதங்களில் திரும்பவும் அனுமதி கிடைத்தது, 36 நிபந்தனைகளோடு. சுரங்கம் நின்றுவிடவில்லை என்றாலும், ஒரு நாட்டின் அமைச்சர் கையெழுத்திடுவதற்கு முன்னர் ஓர் அரணையைப் பற்றிய தாளைப் படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அடுத்து தண்ணீர். சுரங்கத்தின் பள்ளம் நிலத்தடி நீர் மட்டத்தைவிட ஆழமாகப் போகும்போது பக்கத்து நிலத்திலிருந்து நீர் உள்ளே வடியும். அதை இரவு பகலாக இறைத்து வெளியேற்றுவார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் மணலில் இரண்டு குழிகள் அருகருகே தோண்டி விளையாடியிருப்பீர்கள். இரண்டிலும் தண்ணீர் ஊறும். ஒரு குழியிலிருந்து விடாமல் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால் மற்றக் குழியிலும் மட்டம் இறங்கும். சுரங்கத்தைச் சுற்றியும் அப்படியே நிலத்தடி நீர் இறங்கும், பல கிலோமீற்றர் தூரத்துக்கு. கார்மைக்கல் சுரங்கத்துக்கு அப்பால் டூங்மபுல்லா நீரூற்றுகள் இருக்கின்றன. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான வாங்கன், ஜகலிங்கு மக்களுக்கு அவை புனிதமானவை. வறண்ட நிலத்தின் நடுவே எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் என்பதால் அங்கே மட்டுமே தாக்குப்பிடிக்கும் செடிகளும் உண்டு.

அந்த ஊற்றுகளுக்குத் தண்ணீர் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. நிலத்துக்குள் தடித்த களிமண் பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு மேலேயிருந்து ஊற்றுநீர் வந்தால், கீழே இறைப்பது அதை அவ்வளவாகப் பாதிக்காது. கீழேயிருந்து வந்தால், ஊற்று வற்றிப்போகும். 2019இல் அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனங்கள் அதானி நிறுவனத்தின் நீர்க் கணிப்பைப் பரிசோதித்துக் குறைகள் இருப்பதாகச் சொன்னபின், நிறுவனம் மேலும் சில உறுதிகளைக் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் நீர்த் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஊற்று வற்றியபிறகு 'தவறிவிட்டோம்' என்று சொல்லிப் பயனில்லை. ஓர் ஊற்று நின்றுவிட்டால் அதைத் திரும்ப ஓடவைக்கும் இயந்திரம் எவரிடமும் கிடையாது. பதில் தெரியாத இடத்தில் தோண்டுவதைத் தள்ளிப்போடுவதே சரி என்பது என் எண்ணம்.

சில்லைக்கு என்ன நடந்தது? திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு முறை வரிசை உண்டு. முதலில் தவிர்க்கப் பார்க்க வேண்டும்: பறவை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் தோண்டலாமா? முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அதன்பிறகு தோண்டிய நிலத்தைத் திரும்பச் சீர்செய்ய வேண்டும். இவற்றுக்கும் அடங்காமல் மிஞ்சுகிற இழப்புக்கு மட்டுமே வேறு இடத்தில் ஈடு கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல நிறுவனங்கள் முதல் படியை ஓடிக் கடந்துவிட்டுக் கடைசிப் படியில் போய் நிற்கின்றன. கார்மைக்கல்லில், சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே 30,000 ஹெக்டேயருக்கும் கூடுதலான நிலத்தைச் சில்லைக்காக ஒதுக்குவதாகத் திட்டம் போட்டார்கள்.

இவ்வளவு பெரிய நிலமா என்று வியக்காதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள். அந்த நிலத்தில் இப்போது சில்லை இருக்கிறதா? இருக்கிறது என்றால், அங்கே இருக்கும் விதைக்கு ஏற்ற அளவு பறவைகள் ஏற்கெனவே அங்கே உண்டு. புதிதாக வருகிறவற்றுக்கு என்ன மிச்சம்? இல்லை என்றால், ஏன் இல்லை? பறவைக்குத் தேவையான ஏதோ ஒன்று அங்கே குறைகிறது என்றுதானே பொருள்! ஆகவே வேலியடைத்து 'இது உங்களுக்கு' என்று எழுதிவைத்தால் போதாது. மாடுகளைக் குறைத்து, அந்நியப் புல்லை அகற்றி, விதை தரும் புற்களை மீட்டு, அந்த நிலம் முன்னைவிட நல்ல நிலமாக மாறினால்தான் அது ஈடு. அதுவும் பழைய நிலத்தை அழிப்பதற்கு முன்னரே மாறியிருக்க வேண்டும். பறவையால் பத்து ஆண்டுகள் காத்திருக்க இயலாது.

2019இன் தொடக்கத்தில், மெல்பேர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெண்டன் வின்டில் தலைமையிலான அறிவியலாளர் குழு அந்தத் திட்டத்தைப் படித்துப் பார்த்தது. சில்லைக்கென ஒதுக்கிய நிலத்திலேயே மாடு மேய்ப்பதற்கும் இடம் வைத்திருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மே மாதத் தொடக்கத்தில் குயீன்ஸ்லாந்து அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது, பறவைகளின் தொகையைச் சரியாகக் கணக்கெடுப்பது போன்றவற்றைச் சேர்த்தபின் அதே மாதம் 31ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே நிறுவனம் சுரங்கத்தின் அளவை ஆண்டுக்கு 1 கோடி தொன்னாகச் சுருக்கியிருந்தது. 2021 டிசம்பரில் முதல் கரி கப்பலேறியது.

அதே 2019இல் ஏப்ரல் ரீசைட் என்ற அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். சுரங்கங்கள், வீட்டுத் திட்டங்கள், வீதிகள் என்று இந்தச் சில்லையின் வாழிடத்தைப் பாதிக்கக்கூடிய 775 திட்டங்கள் ஏறத்தாழ இரண்டு தசாப்தங்களில் அரசின் மேசைக்கு வந்திருந்தன. அவற்றில் மறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே பார்த்தவர்கள், 'இந்த ஒன்றால் பறவை அழிந்துவிடாது' என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றும் சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் பறவை வாழ்வது 774 துண்டுகளும் போனபின் எஞ்சுகிற நிலத்தில் அல்லவா? எந்தத் திட்டத்தையும் மற்றவற்றோடு கூட்டிப் பார்க்காமல் எடை போட்டால் இதுதான் நடக்கும்.

நமக்குக் கிட்டிய நாட்டிலும் ஒரு கதை உண்டு. இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் ஹஸ்தேவ் அரண்ய என்ற காடு, ஏறத்தாழ 1,70,000 ஹெக்டேயர். சால மரங்கள் நிறைந்த காடு. யானைகள் நடமாடும் காடு. அடியில் நிலக்கரி. 2011இல் அங்கே ஒரு பெரிய சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 2014இல் இந்தியாவின் பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் காட்டு அனுமதியை நீக்கி, சில கேள்விகளை எழுப்பியது: இந்தக் காட்டில் அருகிவரும் உயிரினங்கள் உண்டா? இது யானைகள் போய்வரும் பாதையா? இந்தக் கேள்விகளைக் கேட்டபோது தோண்டும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் வேலை தொடர இடமளித்ததால் அது நிற்கவும் இல்லை. இந்திய வனவுயிர் நிறுவனத்தின் பதில் 2021இல்தான் வந்தது. ஏற்கெனவே இயங்கும் சுரங்கத்தைத் தவிர அந்தக் காட்டில் புதிதாக எதுவும் தோண்டக்கூடாது என்றது. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. இந்தியாவின் காட்டு யானைகளில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவையே சத்தீஸ்கரில் இருக்கின்றன. ஆனால் யானையால் மனிதர் இறக்கும் சம்பவங்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல் அங்கே நடக்கின்றன.

இது ஏன் என்று இலங்கைப் பிள்ளைகளுக்கு விளங்கும். யானை பெரும் பரப்பில் நடந்து திரியும் உயிர். நீர் தேடி, தீவனம் தேடி, தாய் காட்டிய பாதையில் போகும். அந்தப் பாதையின் குறுக்கே பள்ளம் வந்தால் சுற்றிப் போகும். சுற்றிப் போகிற வழியில் ஊர் இருக்கும், வயல் இருக்கும். காடு துண்டானால் யானையும் சாகும், மனிதரும் சாவர். அங்குள்ள ஆதிவாசி மக்கள் 2021 ஒக்டோபரில் 300 கிலோமீற்றர் நடந்து தலைநகர் ராய்ப்பூருக்குப் போய்த் தங்கள் காட்டுக்காகக் கேட்டார்கள். மறுஆண்டு மாநிலச் சட்டசபை, சுரங்கங்களைக் கைவிடும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. திட்டமிட்டிருந்த 21 சுரங்கங்கள் கைவிடப்பட்டன. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய அலோக் சுக்லாவுக்கு 2024இல் கோல்ட்மன் சுற்றாடல் பரிசு கிடைத்தது. ஆனாலும் பழைய சுரங்கத்தின் அடுத்த கட்டத்துக்காக அங்கே மரங்கள் விழுந்தன. வென்றதும் தோற்றதும் கலந்த கதை இது, இன்னும் முடியாத கதை.

நம்மிடம் நிலக்கரிச் சுரங்கம் இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தெமட்டகொடைக் கால்வாயைப் பாருங்கள். நகரத்தின் மழைநீரைச் சுமந்து கொலன்னாவைச் சதுப்பு நிலத்தோடு சேர்கிற வாய்க்கால் வலையின் ஒரு பகுதி அது. 2018இல் கொழும்பை உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக, ஈரநிலங்களுக்கான ராம்சார் அமைப்பு ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சதுப்பு நிலங்கள்தான் காரணம். இவற்றில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. வீட்டுப் பூனையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது, உடலில் புள்ளிகள், தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். இலங்கையின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக அது பதிவாகியிருக்கிறது. ஆய்வாளர் அன்யா ரத்நாயக்க அதற்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, இரவில் அது வீடுகளுக்கு இடையில் புகுந்து மதில்களிலும் கூரைகளிலும் நடந்து போவது தெரிந்தது. கொழும்பில் ஒரு சதுப்பு நிலத்தை நிரப்பி வீதி போடத் திட்டமிடுகிறவர், பகலில் வந்து பார்த்துவிட்டு 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நமது நாட்டுச் சுரங்கத் திட்டங்களில் இப்போது அதிகம் பேசப்படுவது மன்னார் தீவு. அதன் மணலில் இல்மனைற் என்ற கனிமம் கலந்திருக்கிறது. வெள்ளைப் பெயின்ற் செய்ய அதிலிருந்து கிடைக்கும் தைத்தேனியம் பயன்படும். அதைத் தோண்டி எடுக்க அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக முயல்கிறது; தீவு மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். மன்னார் தாழ்ந்த, மெல்லிய மணல் தீவு. மணலுக்கு அடியில் நன்னீர் ஒரு மெல்லிய அடுக்காகக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. எதிர்க்கரையில் வங்காலைச் சரணாலயம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இலட்சக்கணக்கில் பறவைகள் ஒக்டோபர் தொடக்கம் பெப்ரவரி, மார்ச்வரை அந்தச் சேற்று நிலங்களில் தங்குகின்றன. வாத்துகள், உள்ளான்கள், கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள்.

இலங்கையில் 10 ஹெக்டேயருக்கு மேல் நிலத்தை மேலிருந்து தோண்டும் திட்டம் என்றால், தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுமக்களில் எவரும் அறிக்கையைப் படித்துத் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். எழுதப்பட்ட கருத்துகளுக்குத் திட்டத்தை முன்வைத்தவர் பதில் கொடுத்தாக வேண்டும்.

அப்படி ஓர் அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டால், வீட்டில் பெரியவர்களிடம் காட்டுங்கள். உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் உயிரினப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். அதற்கு முன்னர், அந்தப் பட்டியலை எந்தெந்த மாதங்களில் எடுத்தார்கள், எத்தனை தடவை போனார்கள், இரவில் போனார்களா என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். மன்னாரில் ஜூனிலும் ஜூலையிலும் மட்டுமே போயிருந்தால், ஒக்டோபரில் வரும் பறவைகளை யார் எண்ணியது என்று எழுதிக் கேளுங்கள்.